மஞ்சள் ஸ்டிக்கர் பழங்கள்

தனுஷ்கோடி அண்ணாச்சி மடத்தில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மாலை குரு அருளம்மை அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஏதோ உபதேசம் வரப்போகிறது என்று கைகட்டி நின்றவரிடம் ஒரு பெரிய துணிப்பையை நீட்டினார்.

“ஐயா, டவுனுக்குள்ள சூப்பர்மார்க்கெட் இருக்கில்ல? ஆறரை மணிக்கு மேல, அன்னைக்கு விக்காத பழத்துல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிப் பாதி விலைக்குப் போடுவாங்க. நாளைக் காலையில எல்லாருக்கும் பழம் வேணும். வாங்கிட்டு வாங்க.”

“ஸ்டிக்கர் ஒட்டினதா?”

“மடத்துக் காசு அதுக்குத்தான் காணும்.”

தனுஷ்கோடி பையை வாங்கிக்கொண்டார். அவர் விருதுநகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர். முப்பது வருஷம் கல்லாவை விட்டு எழுந்திருக்காதவர். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு கடையை மகன் சௌந்தரிடம் விட்டுவிட்டு, மனசு ஒரு நிலைக்கு வரட்டும் என்று இந்த மலையடிவாரத்துக்கு வந்திருந்தார். குருவைவிட இருபது வயது மூத்தவர். தியானம் சொல்லித்தருவார்கள், மௌனம் சொல்லித்தருவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவருக்குத் துணிப்பை கிடைத்தது.

திரும்பி வந்தபோது பை நிறைய ஆப்பிள் இருந்தது. ஒவ்வொன்றும் துடைத்து வைத்த மாதிரி மின்னியது.

அருளம்மை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஸ்டிக்கரைக் காணோமே.”

“கையிலேர்ந்து கொஞ்சம் போட்டு நல்லதா வாங்கிட்டேம்மா.”

“அப்படியா” என்றார் அருளம்மை. ஆப்பிளைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுத்தாய் ஒரு பெரிய தாம்பாளத்தைத் தூக்கி வந்து தனுஷ்கோடிக்கு முன்னால் வைத்தார். அத்தனை ஆப்பிளும் அதில் இருந்தன. மற்றவர்கள் கிண்ணங்கள் காலியாக இருந்தன.

“என்ன இது?” என்றார் தனுஷ்கோடி.

“ஐயா காசுல ஐயா வாங்கினது. ஐயா சாப்பிடட்டும்னு அம்மா சொன்னாங்க.”

வரிசையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை. என்ன செய்யப்போகிறார் என்று பார்க்கும் ஆவல்தான் இருந்தது. தனுஷ்கோடிக்குக் காது சுட்டது. ஓர் ஆப்பிளை எடுத்தார், கீழே வைத்தார். அப்புறம் கத்தி கேட்டார்.

ஆப்பிள்கள் ஆளுக்கு ஒன்று வராது. எல்லோருக்கும் எட்டவேண்டுமே என்று மெல்லிசாக நறுக்க ஆரம்பித்தார். நறுக்க நறுக்க இன்னும் மெல்லிசாயிற்று. பொன்னுத்தாய் ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இதுக்குள்ளால பார்த்தா மலையே தெரியுதுங்க ஐயா.”

பந்தி முழுக்கச் சிரித்தது. தனுஷ்கோடியும் சிரித்துவிட்டார். சிரித்தபின் கொஞ்சம் தெம்பு வந்தது.

பந்தி கலைந்ததும் குருவிடம் போனார்.

“அம்மாவுக்கு எம்மேல கோபமா?”

“இல்லையே. ஆப்பிள் நல்லா இருந்துச்சு. இன்னும் ரெண்டு துண்டு இருந்திருக்கலாம்.”

“அம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். நான் கடைக்காரன். வருஷா வருஷம் ஆடித் தள்ளுபடி போட்டவன். எது போகாம தங்கிடுச்சோ அதுக்குத்தான் நாங்க ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்தத் தள்ளுபடி மேசையைச் சுத்தி முண்டியடிக்கிறவங்களைக் கல்லாவுல உட்கார்ந்து பார்த்திருக்கேன். இப்ப நானே அங்க போய் நிக்கணும்னா எனக்குக் கால் வரலை.”

அருளம்மை அவர் பாதங்களைக் குனிந்து பார்த்தார்.

“எந்தக் கால் வரலை?”

“என்னம்மா?”

“வலதா, இடதா? வராத காலை இங்க விட்டுட்டு, வர்ற காலோட போய்ட்டு வாங்க.”

அன்று மாலை இரண்டு காலோடும்தான் போனார். ஆனால் நேராகப் பழத்தட்டுக்குப் போகவில்லை. எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்த இடத்தில் நின்று, விலை பார்க்கிறவர்போல ஒரு டின்னையே வெகுநேரம் பார்த்தார். கடைப் பெண் ஒருத்தி பழத்தட்டுக்கு வந்து மஞ்சள் ஸ்டிக்கர்களை ஒட்டினாள். ஓர் ஆட்டோ டிரைவர், விடுதி மாணவிகள் சிலர், தோளில் அளவு நாடா தொங்க ஒரு தையல்கார அம்மா என்று கூட்டம் சேர்ந்தது. அங்கே ஒரு பப்பாளி இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. அதன் வாசனை எண்ணெய் டின்வரை வந்தது.

அவர் போய் அதை எடுத்தார்.

“அண்ணாச்சி” என்றது பக்கத்தில் ஒரு குரல். தையல்கார அம்மாதான். “நீங்க விருதுநகர் ஜவுளிக்கடை அண்ணாச்சிதானே?”

தனுஷ்கோடிக்குப் பப்பாளியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

“என் கல்யாணச் சேலை உங்க கடையில எடுத்ததுதான், அண்ணாச்சி. நல்ல ஆடிக் கூட்டம். பாதி விலைக்குக் கிடைச்சதாலதான் என் தங்கச்சிக்கும் சேர்த்து ஒண்ணு எடுக்க முடிஞ்சது. அவ அன்னைக்குப் பூரா அதை அவுக்கவே இல்ல. கட்டிக்கிட்டே தூங்கிட்டா.” அந்த அம்மா சொல்லும்போதே சிரித்தார். “அன்னாசியும் எடுத்துக்கோங்க. ஆனா வாழைப்பழம் எல்லாத்தையும் அள்ளிடாதீங்க. எங்க வீட்ல நாலு வாய் இருக்கு.”

“பாதி உங்களுக்கு, பாதி எனக்கு” என்றார் தனுஷ்கோடி. அதைச் சொல்லியபோது ஏனோ அவருக்கு மனசு லேசாக இருந்தது.

அன்றைக்குப் பை கனத்தது. காலைக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பொன்னுத்தாயும் அவருமாக உட்கார்ந்து நறுக்கினார்கள். ஐஸ்கிரீம் கடை நடத்தி விட்டுவிட்ட ஒருவர் மடத்துக்குக் கொடுத்த பழைய ஃப்ரீசர் பெட்டி ஒன்று இருந்தது. வாழைப்பழத்தை வில்லை வில்லையாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறையவிட வேண்டும். கல் மாதிரி ஆனதும் பைகளில் போட்டு அடுக்க வேண்டும். பப்பாளிக்கும் அதுதான் முறை. மாம்பழமானால் சதையைப் பிழிந்து டப்பாவில் ஊற்ற வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் தனுஷ்கோடி அதில் தேர்ந்துவிட்டார். மழை பெய்தால் மற்றவர்கள் வீட்டோடு இருந்துவிடுவார்கள், தட்டு நிறைந்து கிடக்கும் என்று கண்டுபிடித்தார். மேகம் கறுக்கும்போதே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் ஒரு கூடை பாதி விலைக்குக் கிடைத்த அன்று, மழையில் நனைந்துகொண்டே பாட்டு முணுமுணுத்தபடி வந்தார். குடையை மாம்பழக் கூடைக்குப் பிடித்திருந்தார்.

தையல்கார அம்மா அண்ணாச்சியைப் பார்த்ததை ஊரில் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் நாலு பேர் வாய் மாறி விருதுநகர் போய்ச் சேர்ந்தபோது, ‘தனுஷ்கோடி அண்ணாச்சி அழுகல் பழம் பொறுக்கித் தின்கிறார்’ என்று ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்கால வெயிலில் சௌந்தர் காரில் வந்து இறங்கினான். டிக்கி நிறைய ஆப்பிள், மாதுளைப் பெட்டிகள்.

“அப்பா, ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? நான் உங்களைச் சோறு போடாம விரட்டிட்டேன்னு பேசுறாங்க. கடைக்கு வர்றவங்க முகத்துல முழிக்க முடியலை. கிளம்புங்க, வீட்டுக்குப் போகலாம்.”

அவன் குரல் கோபமாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது தழுதழுத்தது.

அருளம்மை வந்தார். “வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல உட்காருங்க.”

பொன்னுத்தாய் உறைந்த வாழைப்பழத்தையும் மாம்பழச் சதையையும் மிக்ஸியில் அடித்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். சௌந்தர் வேண்டாவெறுப்பாக ஒரு கரண்டி எடுத்தான். அடுத்த கரண்டி தானாகப் போயிற்று. கிண்ணம் காலியானதும் உள்ளே எட்டிப் பார்த்தான்.

“இது எந்தக் கடை ஐஸ்கிரீம்?”

“உங்க அப்பா பொறுக்கினது” என்றார் பொன்னுத்தாய்.

சௌந்தர் கொஞ்சநேரம் கிண்ணத்தையே பார்த்தான். அப்புறம் அதை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டான். அதையும் முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, “அதெல்லாம் சரிங்கம்மா. அப்பா என்கூட வரணும்” என்றான்.

“கூட்டிட்டுப் போங்க” என்றார் அருளம்மை.

தனுஷ்கோடி திடுக்கிட்டுக் குருவைப் பார்த்தார். அப்படிச் சட்டென்று சொல்லிவிடுவார் என்று அவர் நினைக்கவில்லை.

“ஆனா ஆறு மணி ஆச்சு. காலைப் பழத்துக்கு வேற ஆள் இல்ல. கடைக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடட்டும்.”

அப்பாவும் மகனும் காரில் போனார்கள். கடைக்குள் சௌந்தர் வாசல் பக்கமே நின்றுகொண்டு போனைத் தடவினான். தனுஷ்கோடி பழத்தட்டுக்குப் போனார். சனிக்கிழமைக் கூட்டம். ஸ்டிக்கர் ஒட்டி முடித்ததும் நாலாபக்கமும் கைகள் நீண்டன. அவர் வலது கையில் ஒரு வாழைச் சீப்பு, இடது கையில் இன்னொன்று. எதிரே ஒரு பெட்டி சப்பட்டை மாம்பழம்.

“டேய் சௌந்தர், அதைப் பிடி.”

பழைய கடைக் குரல். சௌந்தர் யோசிக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். அடிப்பக்கம் இருந்த பழம் ஒன்று பிதுங்கி, வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக வழிந்தது. அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். பெட்டியை விடாமல் சிரித்தான். ஆட்டோ டிரைவர், “சட்டைக்கும் ஸ்டிக்கர் ஒட்டிரலாம் தம்பி” என்றதும் தனுஷ்கோடியால் நிற்க முடியவில்லை. வாழைச் சீப்புகளோடு தூணில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மடத்துக்கு வந்ததும் சௌந்தர், அப்பாவைக் கூட்டிப்போகும் பேச்சை எடுக்கவில்லை. கொண்டுவந்த பெட்டிகளை இறக்கி வைத்தான். “இதையும் ஏத்துக்கணும்மா” என்றான்.

“அதுவும் நல்ல பழம்தானே. நாளைக்குச் சாப்பிடுவோம்” என்றார் அருளம்மை.

காரில் ஏறியவன் கண்ணாடியை இறக்கினான். “அப்பா, வர்ற சனிக்கிழமை வர்றேன். நான் வராம கடைக்குப் போயிடாதீங்க.”

கார் போனபின் தனுஷ்கோடி சமையல்கட்டுக்கு வந்து மாம்பழப் பெட்டியைப் பிரித்தார். எதிரே அருளம்மை உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“எதைப் பார்த்தாலும், இது எவ்வளவு விலை போகும்னுதான் எனக்கு முதல்ல தோணும். துணியைப் பார்த்தாலும் அப்படித்தான், மனுஷனைப் பார்த்தாலும் அப்படித்தான். பெத்த பிள்ளையைக்கூட, இவன் கடையைத் தாங்குவானா, எத்தனை வருஷம் தாங்குவான்னு எடைபோட்டுத்தான் பார்த்திருக்கேன். இங்க வந்தும் அந்தப் புத்தி போகலை. அது எப்பம்மா போகும்?”

அருளம்மை உரித்த பழத்தைத் தட்டில் வைத்தார்.

“இன்னைக்குக் கடையில தம்பி எப்படி நின்னாரு?”

தனுஷ்கோடியின் முகம் மலர்ந்தது. “அதை ஏம்மா கேக்கறீங்க. சட்டையெல்லாம் மாம்பழச் சாறு. பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு.”

“அந்த நேரம், எவ்வளவு விலை போவார்னு தோணிச்சு?”