டீ கிளாஸ் வைத்த பரீட்சை

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக் கிடங்கு. முதலாளி சிவமலைக்கு முட்டையைத் தெரியும், மெஷினைத் தெரியாது. முட்டை அடுக்கிய அட்டைகளைச் சுமக்கும் பெண்களுக்குப் பதிலாக ஓடும் பெல்ட்டை விற்க ஓர் இன்ஜினியர் வந்தார். கிடங்கிலேயே பெல்ட்டை மாட்டி, வெறும் அட்டைகளை ஏற்றி ஓட்டிக் காட்டினார்.

"அசைவே தெரியாது சார். கையெழுத்துப் போடுங்க."

அட்டை சுமக்கும் பாவாயி முன்னால் வந்தாள். கையெழுத்து விழுந்தால் நாளைக்கு வேலை இல்லை. பெல்ட் திரும்பும் அந்தத் தூண் மூலையில் முட்டையோடு அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புவாள்.

"ஏனுங்க, மூலையில திரும்பறப்போ?" என்றாள்.

இன்ஜினியர் சிரித்தார். "எத்தனாவது படிச்சே? ஒரு குறை காட்டு, பெல்ட்டைக் கழட்டிட்டுப் போயிடறேன்."

"குறை சொல்ல எனக்கென்னங்க தெரியும்? நீங்க அந்தக் கடைசியில நில்லுங்க. டீ அனுப்பறேன்."

விளிம்பு வரை ஊற்றிய கிளாஸைப் பெல்ட்டில் வைத்தாள். கிடங்கே கழுத்தை நீட்டிப் பார்த்தது. நேராகப் போனவரை ஒரு துளி சிந்தவில்லை. மூலையில் திரும்பியதும் ஒரு குலுக்கல். இன்ஜினியர் கைக்குப் பாதி டீதான் வந்து சேர்ந்தது.

"டீதானே!" என்றார் அவர்.

"டீயைத் துடைச்சுக்கலாங்க. முட்டையை?"

சிவமலை பேனாவை மூடினார். "அப்ப என்னதான் வாங்கறது பாவாயி?"

"ரப்பர் சக்கரம் வெச்ச தள்ளுவண்டி நாலு போதுங்க. தள்ளறதுக்கு நாங்க இருக்கறோம்."

முதலாளி இன்ஜினியரைப் பார்த்தார். "தள்ளுவண்டி விக்கறீங்களா? கொண்டாங்க, இன்னொரு டீ சொல்றேன்."