இறக்கக் கூடாத பல்லக்கு

ஒரு காலத்தில் கடம்பவல்லி நாட்டைச் சூரசேனன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காதில் கடைசியாக எந்தப் பேச்சு விழுகிறதோ, அதுதான் அன்றைக்குச் சட்டம்.

அவனுக்கு ஒரு அவமானம் இருந்தது. மலைக்கோயில் கொடியேற்றத்தில் ராஜாதான் கயிற்றைத் தொட்டுக் கொடுக்க வேண்டும். குல வழக்கம். மூன்று நாள் பயணம். போன இரண்டு வருஷமும் கொடி ஏறிய பிறகுதான் போய்ச் சேர்ந்தான். ஒரு தடவை அரண்மனையில் தூங்கிவிட்டான். இன்னொரு தடவை வழியில் முயலைத் துரத்தினான். பழி மட்டும் பல்லக்குத் தூக்கிகள் தலையில்.

இந்த வருஷம் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது சபையில் நாகமராயர் எழுந்தார். அரண்மனைப் பெரிய அதிகாரி. தூக்கிகள் எட்டுக் குடும்பத்துக்கும் ஏரிக்கரையில் மானிய நிலம் உண்டு. அதன்மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"மகாராஜா, எண்ணிப் பார்த்துவிட்டேன். இவர்கள் இருநூறு அடிக்கு ஒருமுறை நின்று தோள் மாற்றுகிறார்கள். காதத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக் கஞ்சி குடிக்கிறார்கள். நிற்பதையெல்லாம் கழித்தால் மூன்று நாள் வழி ஒன்றரை நாள்தான்!"

"அப்படிப் போடும்!" என்று ராஜா தொடையைத் தட்டினான்.

வாசலோரம் நின்றிருந்த ஒண்டிமுத்து முன்னால் வந்தான். தூக்கிகளுக்கு அவன்தான் தலைவன். எட்டு வீட்டு உலையும் அந்த நிலத்தை நம்பித்தான் கொதித்தது.

"சாமி, வலி வர்றதுக்கு முந்தியே தோள் மாத்திடணும். வந்தப்புறம் மாத்தினா அது ஓய்வில்ல, வைத்தியம்."

"சோம்பேறிக்கு வாயைப் பாரும்" என்றார் ராயர்.

ராஜா கையை உயர்த்தினான். "ஆணை! மலையடிவாரம் சேரும்வரை பல்லக்கு எங்கும் நிற்கக் கூடாது, தரையில் படக் கூடாது. யார் இறக்கினாலும் அவன் மானியம் பறிமுதல். நானே இறக்கச் சொன்னாலும் இறக்கக் கூடாது!"

ராயர் சுடச்சுட ஓலை எழுதி முத்திரை வைத்தார்.

"யாரா இருந்தாலும்னு எழுதியிருக்குங்களா ஐயா?" என்று கேட்டான் ஒண்டிமுத்து.

"கொட்டை எழுத்தில்."

"அது போதும்."

புறப்பட்டார்கள். ராயர் குதிரையில் கூடவே வந்தார், எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க. "நிக்கக் கூடாதுன்னுதான் ஆணை, ஓடச் சொல்லல. மெதுவாப் போங்கடா" என்று ஒண்டிமுத்து ஆட்களிடம் முணுமுணுத்தான். ஊர் எல்லையில் ஜனங்கள் இளநீர் நீட்டினார்கள். நடந்தபடியே வாங்கி உள்ளே கொடுத்தான். ராஜா நான்கு குடித்தான். "இன்னொண்ணு குடிங்க சாமி, வெயில் பாருங்க" என்று ஐந்தாவதையும் நீட்டினான்.

ஒரு குளம் வந்தது. குதிரை நின்றுவிட்டது.

"என்ன ஐயா, குதிரை நிக்குது?"

"தண்ணீர் குடிக்க வேண்டாமா? மூச்சு வாங்குகிறது பார். உயிருள்ள பிராணியடா!"

"ஆமாங்க, குதிரையாச்சே" என்றான் ஒண்டிமுத்து. பின்னால் தூக்கிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

உச்சி வேளை. பல்லக்குக்குள் ராஜா இப்படிப் புரண்டான், அப்படிப் புரண்டான். கால் மரத்துவிட்டது. அது பரவாயில்லை. ஐந்து இளநீர் சும்மா இருக்குமா?

"ஒண்டிமுத்து, இறக்கு."

"ஆணை சாமி."

"அவசரம்டா!"

"சாமியே சொன்னாலும் கூடாதுன்னு சாமிதான் சொல்லியிருக்கு. எட்டு வீட்டுச் சோறு சாமி."

ராஜாவின் முகம் சிவந்து வெளுத்தது. "வேறு வழியே இல்லையா?"

"எங்காள் ஒருத்தனுக்குத் தோள் வீங்கிப்போச்சு. புதுத் தோள் ஒண்ணு கிடைச்சா விரசாப் போயிடலாம்."

ராஜாவின் தலை வெளியே நீண்டது. "ராயரே, குதிரையை விட்டு இறங்கும்."

"நானா? மகாராஜா, இது எழுத்தாணி பிடித்த கை..."

"கை யார் கேட்டது? தோளைக் கொடும்!"

ராயர் நடந்தபடியே பல்லக்குக் கொம்புக்குத் தோள் கொடுத்தார். இருபதடியில் வியர்த்தார். நாற்பதடியில் முனகினார். "தோள் மாற்றிக்கொள்ளட்டுமா?"

"நிக்கணுமேங்க!"

அறுபதாவது அடியில் கொம்பை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பல்லக்கின் முன்கால் தரையில் இடித்தது. ராஜா உருண்டு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் ஆவாரம்புதரை நோக்கி ஓடினான்.

திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"இறக்கியது யார்?"

தூக்கிகள் எட்டுப் பேரும் ராயரைப் பார்த்தார்கள்.

"ராயரே, உமக்கு மானியமாகத் தென்னந்தோப்பு ஒன்று இருக்கிறதல்லவா?"

"மகாராஜா, அறுபதடி தூக்கினேன், உயிரே போய்விட்டது!"

"அவர்கள் காலையிலிருந்து தூக்குகிறார்கள். தோப்பு போயிற்று, ஆணையும் போயிற்று." ராஜா ஒண்டிமுத்து பக்கம் திரும்பினான். "அரை நாள் பாழ். நாளை மறுநாள் சாயங்காலம் கொடியேற்றம். முடியுமா?"

ஒண்டிமுத்து குச்சியால் மண்ணில் கோடு போட்டான். "மலை கடைசியில வருது. அதுக்கு இப்பவே கொஞ்சம் பலத்தை எடுத்து வச்சுக்கணும். விடியலோட கிளம்பணும். உச்சியில மரத்தடித் தூக்கம். வெயில் தாழ சமவெளி. இருநூறு அடிக்குத் தோள் மாத்து. மேட்டுல நூறுக்கு. முயல் கண்ணுல பட்டா சாமி கண்ணை மூடிக்கணும்."

"மூடிக்கொள்கிறேன்."

அப்படியே போனார்கள். ராயர் முன்னால் நடந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாய் விரித்தார். வழியில் இரண்டு முயல். ராஜா இரண்டு தடவையும் கண்ணை மூடினான். மூன்றாம் நாள் மாலை கோயிலுக்குள் நுழைந்தபோது கொடிமரத்தில் அப்போதுதான் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜாவைப் பார்த்த குருக்கள் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்று நுனியை நீட்டினார்.

ராஜா தொட்டுக் கொடுத்தான். கொடி ஏறியது. அந்த இடத்திலேயே ஏரிக்கரை நிலத்துக்குச் செப்புப் பட்டயம் எழுதச் சொன்னான். எட்டுக் குடும்பத்துக்கும், தலைமுறைக்கும். தென்னந்தோப்பும் அதில் சேர்ந்தது.

சந்தோஷம் தாங்கவில்லை ராஜாவுக்கு. "இதே சூட்டில் நாளைக் காலையே திரும்பினால், இரண்டே நாளில்..."

ஒண்டிமுத்து துண்டை உதறி மண்டபத்தில் விரித்தான். "முதல்ல ஒரு நாள் முழுசாத் தூக்கம் சாமி. அப்புறம் பேசலாம்."

ராஜா வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். கடம்பவல்லி நாட்டில் அவன் போடாமல் விட்ட முதல் ஆணை அதுதான்.