ஐயாயிரம் ரூபாய்ச் சுடிதார்

மாசிலாமணி முதலாளியின் துணிக்கடையில் அஞ்சுகம் விற்பனைப் பெண். படுத்த படுக்கையாகிவிட்ட புருஷனுக்கு மருந்து அவள் சம்பளத்தில்தான். ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்கு முதல்நாள் முதலாளி அவள் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்தார்.

“இந்தப் பழைய சேலையோட நின்னா கடைக்கு அசிங்கம். சுடிதார், ஷூ எல்லாம் சேர்த்து ஐயாயிரம் மதிப்பு தெரியணும். இல்லேன்னா நாளைக்கு வராதே.”

அழுவதற்கு நேரமில்லை. தூறலில் நனைந்தபடி நடைபாதைக் கடைகளில் பேரம் பேசி, முந்நூற்றைம்பதுக்குச் சுடிதாரும் நூற்றைம்பதுக்கு ஷூவும் வாங்கினாள்.

மறுநாள் கூட்டத்தின் நடுவே முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இதுவா ஐயாயிரம்? பிளாட்பாரச் சரக்கு!”

அஞ்சுகம் துப்பட்டாவில் குத்தியிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினாள். ‘5000’ என்று எழுதிச் சிவப்பு மையால் அடித்து, கீழே ‘ஆடி விலை 500’ என்றிருந்தது. கடையில் தொங்கிய அத்தனை அட்டைகளிலும் அதே கையெழுத்து.

“எல்லாத்துக்கும் நீங்க சொன்ன மாதிரிதானே மொதலாளி இதுக்கும் எழுதினேன். இந்த அட்டை பொய்யா?”

சேலைகளைப் புரட்டிய கைகள் நின்றன. முதலாளிக்கு வியர்த்தது.

“யாரு பொய்ன்னு சொன்னா? ஐயாயிரமேதான்!”

“அப்ப எனக்கும் ஒரு செட் எடுங்க,” என்றாள் ஓர் அம்மாள். பின்னாலேயே நாலைந்து குரல்கள்.

முதலாளி அஞ்சுகத்தின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்: “எந்தப் பிளாட்பாரம்?”

வேலை தப்பியது. அன்று சாயங்காலம்வரை அவள் குனிந்த தலை நிமிராமல் இன்னும் நாற்பது அட்டைகளில் ஐயாயிரம் எழுதி, அடித்துக்கொண்டிருந்தாள்.