சீதாபதியும் கம்ப்யூட்டருக்குள் இருந்த கம்ப்யூட்டரும்

முக்குளத்துப்பட்டி பேரூராட்சியில் குடிநீர்ப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருமே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

பிரிவுக்குத் தலைவர் சீதாபதி. ஐம்பத்து மூன்று வயது, முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஒன்று அவர் எழுதுவதற்கு. இன்னொன்று யாராவது இரவல் கேட்டால் கொடுப்பதற்கு, அது எழுதாது. எழுத்தர் மாசிலாமணிக்கு ஆங்கிலம் படிக்க வரும். படித்ததற்கு என்ன அர்த்தம் என்பது தன் வேலையில் சேராது என்று நினைப்பவர் அவர். மூன்றாவது ஆள் வேம்புலி, பம்ப் ஆபரேட்டர். முன்பெல்லாம் வால்வைக் கையால் திருகித் தெருத்தெருவாகத் தண்ணீர் விட்டவன் அவன்தான்.

போன வருஷம் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்று அதுவே பார்த்து வால்வைத் திறக்கும், மூடும். ஆனால் அந்தப் புரோகிராம் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில்தான் ஓடும். ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் திருச்சியிலிருந்து வந்த இன்ஜினியர் யாஸ்மின், இருந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே லினக்ஸுக்கு ஓர் இடம் அமைத்துக் கொடுத்தார்.

"இது வெர்ச்சுவல் மெஷின் சார். கம்ப்யூட்டருக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி. ஆனா நெஜத்துல அப்படி ஒண்ணு தனியா கிடையாது. வால்வை இனிமே யாரும் கையால தொடக் கூடாது."

மூவரும் தலையாட்டினார்கள். அவர் பஸ் ஏறியதும் மாசிலாமணிக்குச் சந்தேகம் வந்தது.

"சார், நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்து அந்த மெஷினைக் காட்டுன்னா எதைக் காட்டறது?"

"இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதான்" என்றார் சீதாபதி.

"இல்லைன்னா தொலைச்சுட்டோம்னு ஆகாதா?"

வேம்புலி கொஞ்சம் யோசித்தான். "இல்லாததை எப்படிங்க தொலைக்க முடியும்? முதல்ல இருந்தாத்தானே தொலையும்."

சீதாபதிக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு திங்கட்கிழமை, இல்லாத அந்த மெஷின் கெட்டுப்போனது. வெளிக் கம்ப்யூட்டர் ஜோராக இருந்தது. அதற்குள் லினக்ஸ் இருந்த கட்டம் மட்டும் அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நிற்கும். ஊரில் ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"வேம்புலி, நீ போய்க் கையால திருகி விட்டா என்ன?" என்று கேட்டார் சீதாபதி.

"கையால தொடக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்களே. காலால முயற்சி பண்ணிப் பார்த்தேன். வரலீங்க."

சீதாபதி யாஸ்மினுக்குப் போன் போட்டார். ஆபீஸில் இணையம் அறுந்து ஆறு மாதமாகியிருந்தது. அதனால் யாஸ்மினால் அங்கிருந்தபடியே எதையும் பார்க்க முடியாது; கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"முதல்ல லாக் பாருங்க சார். என்ன தப்பு நடந்துச்சுன்னு அதுலயே எழுதியிருக்கும்."

மூவரும் எழுந்து போய்க் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார்கள். மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பார்த்தாச்சு மேடம். ஏழு லீவர்னு எழுதியிருக்கு."

"ஏழு எரரா?" யாஸ்மின் கவலைப்பட்டார். "சரி, கடைசி வரியை மட்டும் படிங்க."

"மேட் இன் இந்தியா."

லைன் சரியில்லை என்று யாஸ்மின் முடிவு செய்துகொண்டிருக்க வேண்டும்.

"போகட்டும் சார். எதையும் மாத்தறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுக்குங்க. பின்னால ஏதாவது கெட்டுப்போனா அந்த நிலைக்கே திரும்பிப் போயிடலாம்."

பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவரை ஆள் விட்டு அழைத்து வந்தார்கள். அவர் குடையும் விளக்குமாகச் சாமான்களோடு வந்து, கம்ப்யூட்டரை நடுவில் வைத்து, பக்கத்தில் சீதாபதியை உட்கார்த்தி, பின்னால் மற்ற இருவரையும் நிறுத்தினார். சீதாபதியின் தாடையைப் பிடித்து ஒரு இம்மி தூக்கிவிட்டார். கம்ப்யூட்டருக்கு மட்டும் பவுடர் போடவில்லை. பொட்டு வைத்தார்கள்.

படம் எடுத்து முடித்த சூட்டோடு கம்ப்யூட்டரைப் போட்டார்கள். லினக்ஸ் கட்டம் கறுப்பாகி, வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றன. மாசிலாமணி கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கெர்னல் பேனிக்."

"அப்படின்னா?"

"பேனிக்னா பதற்றம். கெர்னல்னா..." அவர் நிறுத்திக்கொண்டார்.

லினக்ஸின் மையப் பகுதிக்குத்தான் கெர்னல் என்று பெயர் என்பது அவருக்குத் தெரியாது. ஊரில் ஒரே ஒரு கர்னல்தான் இருந்தார். ராஜமன்னார், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து கிழக்குத் தெருவில் ரோஜாச் செடி வளர்ப்பவர். மூவரும் அப்போதே கிளம்பிப் போனார்கள். கர்னல் ஈஸிசேரில் சாய்ந்து, முகத்தின் மேல் பேப்பரைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சீதாபதி மெதுவாகத் தோளைத் தொட்டார்.

"ஐயா, பதறாதீங்க."

கர்னல் விழித்துப் பார்த்தார். மூன்று பேர் சோகமாகக் குனிந்து நின்றார்கள்.

"நான் எதுக்குப் பதறணும்?"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம் ஐயா. நாங்க இருக்கோம்."

"யாருக்கு என்ன ஆச்சு? டேராடூன்ல இருந்து போன் வந்துச்சா? மகனுக்கு ஏதாவதா?"

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. நீங்க பதறிட்டதா ஆபீசுக்குத் தகவல் வந்துச்சு. அவ்வளவுதான்."

கர்னல் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மகனுக்குப் போன் போட்டார், மகன் எடுக்கவில்லை. பேத்தியின் பெயர் மறந்துபோனது, ரத்த அழுத்த மாத்திரை எங்கே என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். வேம்புலி அவருக்கு விசிறிவிட்டான். அரை மணி கழித்து மகன் கூப்பிட்டு நலம் என்று சொன்ன பிறகுதான் மனிதருக்கு மூச்சு வந்தது.

திரும்பி வரும் வழியில் மாசிலாமணி ஆச்சரியப்பட்டார். "கம்ப்யூட்டர் சொன்னது கரெக்டாத்தான் இருக்கு சார். என்ன, ஒரு கால் மணி நேரம் முன்னாடியே சொல்லிடுச்சு."

கர்னலைத் தேற்றியும் லினக்ஸ் தேறவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி போன் போட்டார்கள். யாஸ்மின் வேறொரு ஊரில் வேறொரு கம்ப்யூட்டருக்கு எதிரே இருந்தார்.

"ஸ்னாப்ஷாட் எடுத்தீங்கல்ல சார்?"

"அருமையா வந்திருக்கு மேடம்."

"அப்ப அந்த ஸ்னாப்ஷாட்டுக்கே திரும்பிப் போயிடுங்க. ஒரு ரெண்டு மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்க."

சீதாபதி படத்தை மேசையில் வைத்து ஆராய்ந்தார். நேற்றுப் போட்டிருந்த சட்டைகள் வீட்டிலிருந்து வரவழைக்கப்பட்டன. கம்ப்யூட்டருக்கு அதே இடத்தில் பொட்டு. சீதாபதி உட்கார்ந்து தாடையை ஒரு இம்மி உயர்த்திக்கொண்டார். பின்னால் இருவரும் நின்றார்கள்.

"சார்" என்றான் வேம்புலி. "படத்துல மாசிலாமணி சார் கண்ணை மூடியிருக்காரு."

"அப்ப மூட வேண்டியதுதான்."

"ரெண்டு மணி நேரமுமா?" என்றார் மாசிலாமணி.

"அந்த நிலைக்கே போகணும்னு சொன்னா அந்த நிலைக்கேதான் போகணும். ஒருத்தர் மட்டும் கண்ணைத் திறந்துக்கிட்டு வேற நிலைல நிக்கிறதா?"

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் நின்றபடியே தூங்கிப்போனார். அந்தச் சமயம் பார்த்து லினக்ஸ் ஒரு பத்து நிமிஷம் கண் விழித்தது. பட்டியலில் கடைசியாக இருந்த ஒரு வால்வைத் திறந்துவிட்டு, மூடுவதற்கு முன் மறுபடி உறைந்துபோனது. திரை சீதாபதியின் வலது காதுப் பக்கம் இருந்ததால், தாடையைத் திருப்ப முடியாத அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. அது சுடுகாட்டு வால்வு. ஒன்றே முக்கால் மணி நேரம் சுடுகாட்டுக்கு மட்டும் தண்ணீர் பாய்ந்தது. அங்கே இருந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

ஊரில் இருந்தவர்கள் சொன்னார்கள். சாயங்காலம் ஐம்பது அறுபது பெண்கள் காலிக் குடங்களோடு ஆபீஸை வளைத்துக்கொண்டார்கள். சீதாபதி ஜன்னல் வழியாகப் பார்த்தார். முன்வரிசையில், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு அவர் மனைவி மனோரஞ்சிதம் நின்றிருந்தாள்.

"சார்" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நாலாவது தெருவுக்குத் தண்ணி எப்ப சார் வரும்?"

"நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறதம்மா."

"எடுத்து முடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க சார். அதுவரைக்கும் வர வேணாம்."

கூட்டம் கலைந்ததும் செயல் அலுவலர் மூவரையும் தன் அறைக்கு அழைத்தார். "புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள தண்ணி வரலைன்னா மூணு பேரும் உரக்கிடங்குக்குப் போக வேண்டியதுதான்."

"போய்ட்டு எத்தனை மணிக்குத் திரும்பணும் சார்?" என்று பணிவாகக் கேட்டார் மாசிலாமணி. செயல் அலுவலர் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

அங்கேயே மாற்றிவிடுவார்கள் என்பது சீதாபதிக்கு விளங்கிவிட்டது. உரக்கிடங்கு ஊருக்கு வெளியே நாலு கிலோமீட்டர். ஊர்க் குப்பை முழுக்க அங்கேதான் மக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே என்ன செய்வது? அன்றைக்கு அவர் தங்கை வீட்டில் சாப்பிட்டார்.

புதன் காலை ஒன்பது மணிக்கு அவர் போனைக் கையில் எடுத்தார்.

"மேடம், இதுதான் கடைசி. நீங்க சொல்றதை ஒரு எழுத்துப் பிசகாம செய்யறோம்."

யாஸ்மினுக்கே பாவமாகிவிட்டது. "கவலைப்படாதீங்க சார். எனக்கென்னமோ உள்ளே மெமரிதான் பத்தலைன்னு தோணுது. மெமரியைக் கொஞ்சம் கூட்டுங்க, போதும்."

மூவரும் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே தலையணைப் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருந்தது. கூட்டச் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று மூவருக்கும் பட்டது.

"எதால கூட்டறது?" என்றார் மாசிலாமணி. "விளக்குமாறா, பூந்துடைப்பமா?"

"கொஞ்சம் கூட்டுங்கன்னு சொன்னாங்க" என்றார் சீதாபதி. "விளக்குமாறு எடுத்தா நிறையக் கூட்டிடும்."

"இதுல மெமரி எதுங்க?" என்றான் வேம்புலி.

"தெரியலை. எல்லாத்தையும் கூட்டிடு. அதுவும் அதுல இருக்கும்."

வேம்புலி பூந்துடைப்பத்தால் மூலை முடுக்கெல்லாம் கூட்டினான். முறம் நிறையத் தூசி வந்தது. அதோடு இரண்டு பல்லி முட்டையும், மாசிலாமணி தேடிக்கொண்டிருந்த ஒரு சட்டைப் பொத்தானும் வந்தன. உள்ளே இருந்த சின்னக் காற்றாடி பல மாதமாகத் தூசியில் சிக்கிச் சுற்ற முடியாமல் கிடந்திருக்கிறது. பெட்டி அடுப்பாகக் கொதித்திருக்கிறது. லினக்ஸ் அந்தச் சூட்டில்தான் மயங்கி மயங்கி விழுந்திருக்கிறது. இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. யாஸ்மினுக்கும் தெரியாது.

பிளக்கைச் செருகினார்கள். காற்றாடி சுழன்றது. லினக்ஸ் எழுந்தது. பத்து நிமிஷம் ஆனது, அரை மணி ஆனது, நிற்கவில்லை. பத்தரைக்கு முதல் தெரு, பத்து ஐம்பதுக்கு இரண்டாவது தெரு என்று வரிசையாக வால்வுகள் திறந்தன. பதினொன்று ஐம்பதுக்கு நாலாவது தெருவிலிருந்து மனோரஞ்சிதம் போன் செய்தாள். "ரெண்டு குடம் ரொம்பிடுச்சு. சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னாள். சீதாபதி கண்ணாடியைக் கழற்றி, அது சுத்தமாக இருந்தும் துடைத்தார்.

போனில் விஷயத்தைக் கேட்ட யாஸ்மினுக்கும் சந்தோஷம். "நல்லாக் கேட்டுக்குங்க சார். எனக்கும் இன்னைக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு, மத்தியானம் நேர்ல வந்து ஒரு தடவை பார்த்துடறேன். அதுவரைக்கும் மெஷினை நிறுத்தவே கூடாது. ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது."

சீதாபதி ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு மேசையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"மாசிலாமணி, இது ஓடுதா?"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். "உட்கார்ந்திருக்கு சார்."

"எவ்வளவு நேரமா?"

"போன வருஷத்துலேர்ந்து."

உரக்கிடங்கு மறுபடி சீதாபதியின் கண்முன் வந்தது. பேச நேரமில்லை. பேரூராட்சியின் பேட்டரி குப்பை வண்டி வாசலில் நின்றது. அதைக் கழுவித் துடைத்து, சமுக்காளம் விரித்து, கம்ப்யூட்டரையும் கரண்ட் போனால் போடுகிற பேட்டரிப் பெட்டியையும் ஏற்றினார்கள். வால்வுகளுக்குப் போகிற வயர் ஒன்று சுவரிலிருந்து வந்து ஓட விடாமல் இழுத்தது. வேம்புலி அதைப் பிடுங்கிப் போட்டான். அவனே வண்டியை ஓட்டினான். மாசிலாமணி வெயில் படாமல் கம்ப்யூட்டருக்குக் குடை பிடித்தார். சீதாபதி திரையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். ஊரை ஒரு சுற்று வரப் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. எங்கேயும் நிற்கவில்லை.

ஐந்தாவது சுற்றில் போன் அடித்தது.

"சார், நான் வந்துட்டேன். பஸ் ஸ்டாண்ட்ல இறங்கியிருக்கேன். மெஷின் ஓடுதா?"

"ஓடுது மேடம்" என்றார் சீதாபதி, காற்றில் சட்டை படபடக்க. "நீங்க அங்கேயே இருங்க. ரெண்டு நிமிஷத்துல பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வரும். நிறுத்தக் கூடாதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. வேம்புலியைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்றேன், நீங்க ஓடி வந்து ஏறிக்குங்க."