கூவி கண் முழிச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு ரயில்வே ஸ்டேஷன். அங்க ஒரு கம்ப்யூட்டர். அதுக்குள்ள கூவின்னு ஒரு குட்டி புரோகிராம், கொர்ர் கொர்ர்னு தூங்கிட்டு இருந்தா. எந்த வண்டி எந்த பிளாட்பாரத்துல வருதுன்னு மைக்குல சொல்றதுதான் அவ வேலை. ம் கொட்டுடி, இல்லேன்னா அத்தை கதையை நிறுத்திடுவேன்.

ம்.

வெளிய ஒண்ணாம் பிளாட்பாரத்துல கோசலைன்னு ஒரு அம்மா பெட்டியோட நின்னாங்க. மகளுக்குப் பிரசவ வலின்னு போன் வந்திருக்கு.

எங்க அம்மாச்சி பேரும் அதானே?

குறுக்க பேசாதே. அப்போ பார்த்து அவங்க ஏற வேண்டிய வண்டியை ரெண்டாம் பிளாட்பாரத்துக்கு மாத்திட்டாங்க. ரெண்டே நிமிஷம்தான் நிக்கும். கூவி சொல்லலேன்னா அந்தம்மா வண்டியை விட்டுடுவாங்க.

கம்ப்யூட்டருக்குள்ள ஒரு நாட்டாமை உண்டு. அவரு டொக்கு டொக்குனு தட்டி, "எந்திரி கூவி"ன்னு சொல்லி, இருக்க இடம் குடுத்தாரு. அப்புறம் அவ நெத்தியில ஒட்டியிருந்த சீட்டைப் படிச்சாரு. "முதல்ல கோர்வையக்காவைக் கூப்பிடு"ன்னு இருந்துச்சு. ஏன்னா கூவிக்குத் தனியா ஒண்ணும் ஓடாது. எண்ணுறதுக்கு எண்ணுமணி, சொல்லு எடுக்க சொல்லாயி, சத்தம் போட குரலப்பன், மூணு பேரும் வேணும். அவங்களைக் கூட்டியாந்து கூவியோட கோத்து விடுறவதான் அக்கா. ஒருத்தர் குறைஞ்சாலும் கூவி மறுபடி சுருண்டு படுத்துடுவா.

எண்ணுமணி கடிகாரத்துக்கு எண்ணிக் குடுத்துட்டு இருந்தாரு. "எனக்கு இங்க வேலை இருக்கே"ன்னாரு. "இருந்த இடத்துலயே இருங்க. ஒரு வாத்தியார் சொல்றதைப் பத்துப் பேரு கேக்கலாம். கூவி கணக்கை எழுதத் தனி சிலேட்டு நான் தரேன்"ன்னா அக்கா. அப்புறம் சொல்லாயி. யார் வீடு எங்கன்னு எழுதி வச்ச பதிவேட்டுல அவ வீடு இருந்துச்சு, தட்டுனதும் வந்துட்டா.

ம்.

குரலப்பன்தான் கிடைக்கல. கூவி சீட்டுல அவருக்குன்னு எழுதியிருந்த வீட்டுக்கு அக்கா போய்ப் பார்த்தா பூட்டு. பதிவேட்டைச் சரசரன்னு புரட்டுனா பேரே இல்ல. காலையிலதான் அவரைப் புதுசா குடி வச்சிருக்காங்க, வச்சவன் பதிவேட்டுல ஏத்தல. ஒரு வரி எழுத அவனுக்கு என்ன கை வலிச்சுதா? எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தன் இருக்கான்.

"அப்போ நான் படுத்துக்கவா"ன்னு கூவி அழுதா. "பொறு. இன்னும் தெரு இருக்கு"ன்னு அக்கா இறங்கி, வீடு வீடா லொட்டு லொட்டுன்னு தட்டிக்கிட்டே போனா. கடைசி வீட்டுல, "க்கும்"னு ஒரு கனைப்பு.

குரலப்பன்!

அவரேதான். அக்கா மூணு பேரையும் கோத்துட்டு, "யார் வீடு எங்கன்னு மொத தடவை என்னைக் கேளு. அடுத்த தடவை நீயே நேரா போயிக்கோ. இப்ப ஓடு"ன்னா. இவ்வளவும் நமக்கு ஒரு கண் சிமிட்டுற நேரந்தான்.

டிங் டாங்! "வண்டி இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது." ஸ்டேஷனே அதிர்ந்துச்சு. கோசலையம்மா பெட்டியைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு படி ஏறி, இறங்கி, வண்டியில ஜம்முனு உக்காந்துட்டாங்க. முழங்கால் வலியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

பாப்பா?

பொறந்துச்சே. மொதல்ல அந்தம்மா கையிலதான் குடுத்தாங்க. அந்தப் பாப்பாதான் இப்ப தூங்காம என்கிட்ட ம் கொட்டிட்டு இருக்கு.

வண்டி ஊர் சேந்தாச்சு, கதையும் வீடு சேந்தாச்சு. கண்ணை மூடு தங்கம்.