இடப்பக்கம் மூடும் வால்வு

"வரைபடத்தைத் திருத்தினா இன்னைக்குத் தேதிதான் போடணுமா, டீச்சர்?"

மாடசாமி ஆலையில் ஃபிட்டர். வயது ஐம்பத்திரண்டு. டீச்சர் ஜெபராணிக்கு இருபத்தெட்டு. ஆலையின் வரைபடங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. சனிக்கிழமை ஃபிட்டர்களுக்கு அவற்றைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான்.

"வகுப்புக்குக் கடைசியா வர்ற ஆளு. இன்னைக்கு என்ன அண்ணாச்சி, பூட்டைத் திறக்குமுன்ன வந்து நிக்கிய?"

அவர் சிரிக்கவில்லை.

"போன மாசம் நீராவி வால்வை மாத்தினேன். பழசு கசிஞ்சது. புதுசு நல்ல வால்வு."

"சரி."

"பழசு வலப்பக்கம் சுத்தினா மூடும். புதுசு இடப்பக்கம்."

"யார்கிட்ட சொன்னிய?"

"வேலை கிடந்துச்சு. அப்புறம் சொல்லலாம்னு விட்டுட்டேன்."

அது ஆபத்துக்கு மட்டும் தொடுகிற வால்வு. ஒரு மாதம் யாரும் தொடவில்லை. நேற்று குழாய் வெடித்தது. பாய்லர் பார்க்கும் இசக்கி ஓடினான். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் உள்ளபடி வலப்பக்கம் சுற்றினான். நீராவி கூடியது. மூடுகிறோம் என்று நினைத்து, விடாமல் சுற்றினான். இரண்டு கையும் வெந்துபோனது.

"ஆஸ்பத்திரியில பாத்தேன். பதட்டத்துல நான்தான் தப்பாத் திருப்பிட்டேன்னு அழுதான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"கேட்டுக்கிட்டு நின்னேன்."

ஜெபராணி அலமாரியிலிருந்து வரைபடத்தை எடுத்தாள்.

"திங்கக்கிழமை விசாரணை. திருத்திப் போன மாசத் தேதி போட்டா எனக்கு வேலை போகாது. மாத்தினது போன மாசந்தானே. பொய் இல்லையே, டீச்சர்."

"வரைபடத்தைப் பாக்காமத் திருப்பினான்னு ஆகிடுமே. இசக்கிக்கு வேலை போகாதா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

அவள் வரைபடத்தை விரித்துப் பேனாவை நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க."

ஓரத்தில் மூன்று கட்டம். என்ன மாற்றம் என்று எழுதினார். மாற்றியவர் பெயர் எழுதினார். மூன்றாவதில் பேனா நின்றது.

"இதுலதான் தேதியா?"

"ஆமா. வால்வை மாத்தின தேதி இல்ல. வால்வைப் பிடிக்கிறவனுக்குத் தெரிஞ்ச தேதி."

மாடசாமி பேனாவைக் கட்டத்திலிருந்து தூக்கினார்.

"அவனுக்கு இன்னும் தெரியாதே, டீச்சர்."

அவள் பேனாவை வாங்கி மூடினாள்.

"ஆஸ்பத்திரியில நாலு மணிக்கு உள்ள விடுவாங்க, அண்ணாச்சி."