நாற்பதாவது குரல்

ஏரிக்கரையோரம் தண்ணீர் சூழ்ந்து நின்ற இலுப்பை மரத்தில் பறவைகள் ஒரு பள்ளிக்கூடம் நடத்தின. சின்னக் குஞ்சுகளுக்குக் கீழ்க்கிளை. பறந்து பழகியவர்களுக்கு உச்சிக்கிளை. குஞ்சும் இல்லாமல் பறவையும் இல்லாமல் இரண்டுங்கெட்டான் வயதில் நிற்கிற நாற்பது பேருக்கு நடுக்கிளை. அந்த வகுப்புக்கு வாத்தியார் கரிச்சான் குருவி.

கரிச்சான் சாருக்குத் தன் வகுப்பைப் பற்றி ஏகப்பட்ட பெருமை! தினமும் காலையில் இரட்டை வாலை ஆட்டிக்கொண்டு, “எல்லாரும் வந்தாச்சா?” என்பார். “வந்தாச்சு சார்!” என்று மரமே அதிரும். அவ்வளவுதான் வருகைப் பதிவு. பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது.

அந்தக் கோடையில் மரத்தைச் சுற்றியிருந்த தண்ணீர் வற்றிவிட்டது. காய்ந்த வேர்களில் ஒரு சாரைப்பாம்பு வளைய வர ஆரம்பித்தது.

“இன்னும் எட்டு நாள்தான்! எல்லாரும் அக்கரைக்குக் கிளம்பணும். பறக்காமல் இங்கே தங்கினால் பாம்புக்குச் சாப்பாடு!” என்றது கூட்டத்தை அழைத்துப் போகிற காக்கா மேஸ்திரி.

“என் பிள்ளைகள் நாற்பது பேரும் தயார்! நீங்களே கேளுங்க!” என்றார் கரிச்சான். வழக்கம்போல மரம் அதிர்ந்தது.

“சத்தம் கேட்டேன் சார். தலையை எண்ணிக் காட்டுங்க” என்றது மேஸ்திரி.

எண்ணினார். முப்பத்தொன்பது! கரிச்சான் திரும்பவும் எண்ணினார்; அதேதான். யாரைக் காணோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அவரை ரொம்பக் குத்தியது.

மரகதன் என்ற கிளிப்பையன் தேம்பினான். “செவ்வந்தி சார், மைனாப் பொண்ணு. பதினோரு நாளா பொந்தை விட்டு வெளியே வரல. அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்தினேன்.”

கரிச்சான் பொந்துக்கு ஓடினார்.

“வராதீங்க சார்! எனக்கு வால் இல்ல!” என்று உள்ளேயிருந்து அழுகுரல் வந்தது. “இறகு உதிர்ந்த அன்னைக்கு, ‘மொட்டை வாலு, வாலு எங்கே போச்சு?’ன்னு நீங்கதான் கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

கேட்டது அவருக்கு ஞாபகமே இல்லை. சும்மா வேடிக்கைக்குச் சொன்னது. ஐயோ, அந்தப் பிள்ளை பதினோரு நாளாக அதை மென்று விழுங்கிக்கொண்டு இருட்டில் கிடந்திருக்கிறதே!

“தப்பு என்னுதும்மா” என்றார். அடுத்து, முயற்சி, தைரியம் என்று ஒரு நீளமான பிரசங்கம் தொண்டை வரைக்கும் வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டார். “உனக்கு எது பயம்னு சொல்லு” என்று மட்டும் கேட்டார்.

“எல்லாரும் பார்ப்பாங்க. நான் விழுந்துடுவேன்.”

“யாரும் பார்க்காத நேரத்தில் பழகலாமா? கூட யார் இருக்கணும்?”

“மரகதன் இருக்கட்டும்” என்றாள்.

மறுநாள் மற்றவர்கள் கண் விழிக்கும் முன்பே மூவரும் தொடங்கினார்கள். முதல் நாள் பொந்திலிருந்து பக்கத்துக் கிளைக்கு. மறுநாள் இரண்டு கிளை தாண்டி. ஐந்தாம் நாள் பக்கத்து மரம்! இரண்டு தடவை விழப் பார்த்தாள். மரகதன், “நான் நாலு தடவை விழுந்தேன், தெரியுமா?” என்று பீற்றிக்கொண்டான். அவள் சிரித்துவிட்டாள்.

எட்டாம் நாள் கூட்டம் கிளம்பியது. பாதி ஏரியில் செவ்வந்தியின் சிறகு சோர்ந்தது. கீழே தண்ணீர்.

“சார், முடியல!”

“அதோ, தண்ணீருக்கு நடுவில் பட்டுப்போன மரம்! அதுவரைக்கும் வாம்மா, போதும்!”

மூச்சு வாங்க அதில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பக்கத்திலும் சாரும் மரகதனும் உட்கார்ந்தார்கள். மேலே வட்டமடித்த மேஸ்திரி, “நேரமாச்சு!” என்று முணுமுணுத்தது. ஆனால் கூட்டத்தை நிறுத்தி வைத்தது. சற்று நேரத்தில் செவ்வந்தி தானாகவே கிளம்பினாள். அக்கரையில் கால் பதித்ததும் கரிச்சான் சார் மறுபடியும் எண்ணினார். நாற்பது!

புது மரத்தில் பள்ளி திறந்தது. சார் இப்போது ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “சாப்பிட்டியா? சிறகு வலி எப்படி இருக்கு?” என்று விசாரித்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது.

“என்ன சார், வருகைப் பதிவுக்கே பாதி நாளா?” என்று மேஸ்திரி கிண்டலடித்தது.

“போகட்டும் மேஸ்திரி!” என்றார் கரிச்சான். “செவ்வந்தி?”

“வந்துட்டேன் சார்! வாலும் முளைக்குது!”

இரண்டுங்கெட்டான் வயதில் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி விசாரிக்க ஒருவர் இருந்தால், எந்தப் பிள்ளையும் பின்தங்காது.